ஸ்ம்ருதியின் நகையடக்கிய சருக்கம்

வாழி சேனாபதி! பெயரிலேயே படையை வைத்துப் பிறந்தும் ஒரு தீபாவளித் துப்பாக்கியைக்கூடத் தொட்டறியாத தூயோன். அமெரிக்காவின் எடிசன் நகரத்து அடுக்ககம் ஒன்றின் இரண்டாம் மாடியில், இரு படுக்கையறைகளையும் ஒரு பால்கனியையும் தன் குடைநிழலில் வைத்தாண்ட கோமான். விசைப்பலகையே வில்லாக, விரல்களே கணைகளாக, பார்சிப்பனி ஊரின் அலுவலகக் கண்ணாடிக் கோட்டைக்குள் பல்லாண்டு அமர்ந்து மென்பொருட் பிழைகளைக் கொன்று குவித்த பெருவீரன்! அவன் கதையைச் சொல்லப் புகுகிறோம். எம் சொல்லில் குற்றம் இருந்தால் பொறுத்தருள்க. அவன் விண்ணப்பத்தில் குற்றம் இருந்தால் பொறுப்பார் எவருமில்லை.

அத்தனை ஆண்டும் அவன் கிரீன் கார்டு என்னும் பச்சை வரம் வேண்டி வரிசையில் நின்றான். வரி கட்டும்போது மைந்தனே என்று மார்போடணைத்து, வரிசையில் நிற்கும்போது யாரப்பா நீ என்று வினவும் நாடு அது. ஒரு வியாழக்கிழமை அவனுடைய நிறுவனம், "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று நெஞ்சுருக மின்னஞ்சல் விடுத்து, அக்குடும்பத்தில் கால்வாசிப் பேரை வெளியே அனுப்பிற்று. வேலை போனவன் அறுபது நாளில் நாட்டையும் விட வேண்டும் என்பது அந்நாட்டு நீதி. அன்று உறைந்தது சேனாபதியின் முகம்.

ஆயினும் விதி முற்றும் கைவிடவில்லை. ரைன் நதி பாயும் ஐரோப்பிய நாடொன்றின் நிறுவனம், வருக வீரனே என்று வேலை தந்து அழைத்தது. அந்நாட்டு எல்லையைக் காத்து நின்றவையோ வாளேந்திய மறவர் அல்லர், விதிமுறைகள். குடியிருக்க வீடு காட்டினால்தான் விசா, விசா காட்டினால்தான் வீடு என்று ஒன்றன் வாலை ஒன்று கவ்விய இரட்டை நாகங்கள் முதல் வாயிலைக் காத்தன. பிறப்புக்குச் சான்று, அச்சான்று மெய்யென்பதற்கு மறுசான்று, இரண்டையும் அந்நாட்டு மொழியில் பெயர்த்தவர் மெய்யானவர் என்பதற்கு முத்திரை எனப் படிப்படியாய்ப் பெருகிய பூதகணங்கள் இரண்டாம் வாயிலைக் காத்தன. அனைத்தையும் வென்றான் நம் வேந்தன். நியூயார்க்கிலுள்ள அந்நாட்டுத் துணைத் தூதரகத்தில் திங்கட்கிழமை காலைக்கு நேரமும் பெற்றான். அதைத் தவறவிட்டால் அடுத்த நேரம் அறுபது நாள் கெடுவுக்கு அப்பால். அதற்குள் ஊர் திரும்பி அங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐரோப்பிய நிறுவனம் அதுவரை காத்திருக்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சி நின்றது ஒன்றே ஒன்று: புகைப்படம்.

"சேனா, ரூல்ஸ ஒழுங்கா படிச்சியா? வாய் மூடியிருக்கணும், கண்ணு தொறந்திருக்கணும், சிரிக்கக் கூடாது. நம்ம கைகூட தெரியக் கூடாதாம்" என்றாள் அவன் தேவி மானஸா.

"ஒன்றரை வயசுக் குழந்தைக்குமா?"

"விசா எல்லாருக்கும்தான?"

அருகிலுள்ள ஓக் ட்ரீ சாலைப் புகைப்படக்காரர் அமெரிக்கச் சதுர அளவை அறிவாரேயன்றி ஐரோப்பிய அளவை அறியார். ஆகவே செல்பேசியில் எடுத்து, அளவாய் வெட்டி, வீட்டிலேயே அச்சிடுவது என்று போர்முறை வகுக்கப்பட்டது. மானஸாவின் முகம் அந்த மாதம் முழுதும் இயல்பாகவே விதிக்கு இணங்கியிருந்ததால், அவளுடைய முதற்படமே தேறிற்று.

அடுத்து வந்தாள் ஸ்ம்ருதி! நாலே நாலு பல்லை நானிலம் மயங்கக் காட்டும் நகைமுத்து; டயபர் அணிந்த தளிரடிக் கொற்றவை; செல்பேசியை எவர் தூக்கினும் தான் பிறந்த திருச்சியிலிருந்து வீடியோ கால் வந்ததென்று துணிந்து, கன்னம் குழையக் கையசைத்துச் சிரிக்கும் பேரருளாட்டி. வெண்விரிப்பைத் தரையில் பரப்பி, அதன்மேல் அவளை மல்லாத்தி, வானளாவிய நாற்காலிமேல் ஏறி நின்று குறி வைத்தான் சேனாபதி. சிரித்தாள். மீண்டும் குறி வைத்தான். புரண்டு படுத்து, விதிமுறை எதிலும் குறிப்பிடப்படாத பின்புறத்தை ஐரோப்பாவுக்குக் காட்டினாள்.

தேவி வெள்ளைப் போர்வைக்குள் தானே ஒளிந்து மகளை மடியில் ஏந்தினாள். படத்தில், அழகிய மழலை ஒன்றைப் பேய் பிடித்திருப்பது தெளிவாய்த் தெரிந்தது. சேனாபதி புருவம் நெரித்துக் கண்ணுருட்டினான். அண்டம் நடுங்க வேண்டிய அக்கோபத்தைக் கண்டு அவள் கைதட்டினாள். பொம்மையைப் பிடுங்கினார்கள், அழுதாள், வாய் முன்னிலும் அகலத் திறந்தது. பொம்மையைக் கொடுத்தார்கள், சிரித்தாள். நண்பகலுக்குள் செல்பேசியில் நூற்றுக்கணக்கான படங்கள் மாண்டு கிடந்தன.

"போதும் சேனா, என்னால முடியல. இந்தியாவுக்கே போயிடலாம். அங்க யாரும் இவ சிரிக்கறான்னு கம்ப்ளெயின்ட் பண்ண மாட்டாங்க" என்று மானஸா சுவரில் சாய்ந்து அமர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

சேனாபதி செல்பேசியோடு தரையில் அமர்ந்தான். வேறு ஏதேனும் சலுகை உண்டா என்று தூதரகத்தின் இணையதளத்தைத் திறந்து, ஓய்ந்த குரலில் வாய்விட்டு வாசிக்கலானான்: "வதிவிட அனுமதி கோருவோர், இரண்டாம் பிரிவின் நான்காம் உட்பிரிவில் கூறப்பட்டவர் நீங்கலாக, எனினும் ஏழாம் பிரிவுக்கு உட்பட்டு..."

அந்தோ! என்ன சொல்வோம்! மலர்ந்த அல்லி கூம்பினாற்போல, வெண்விரிப்பில் கிடந்த அம்மழலையின் நகை கூம்பிற்று. இதழ் இறுகிற்று. மருண்ட விழிகள் அகலத் திறந்து தந்தையையே நோக்கின. பிறந்து நடந்து ஓடித் திரிந்த உயிர்களையெல்லாம் உட்பிரிவுக்குள் அடைக்கும் அம்மொழியின் வன்மை, பால்மணம் மாறாத நெஞ்சிலும் பாய்ந்தது போலும்.

"நிறுத்தாத! படி, படி!" என்று கிசுகிசுத்த மானஸா, தன் செல்பேசியை எடுத்துத் தவழ்ந்து வந்தாள். "எனினும் காப்பீடு இல்லாதவிடத்து..." என்று முழங்கினான் மன்னவன். கிளிக்! வாய் மூடி, கண் திறந்து, கைகள் எவையும் தெரியாமல், ஒரு மூத்த நீதிபதியைப் போல் படத்தில் விழுந்திருந்தாள் ஸ்ம்ருதி.

அடுக்ககம் அதிர ஆர்ப்பரித்தனர் இருவரும். அந்த வெற்றிச் சூட்டோடு சேனாபதியும் சுவர்முன் நின்றான். மானஸா ஒரே சொடுக்கில் அவனையும் எடுத்து முடித்தாள்.

திங்கட்கிழமை காலை, கோப்புகளைக் கேடயமாய் ஏந்தித் தூதரகக் கோட்டைக்குள் புகுந்தனர் மூவரும். கண்ணாடிக்கு அப்பால் வீற்றிருந்த நங்கை சான்றுகளைப் பார்த்தாள், மறுசான்றுகளைப் பார்த்தாள், ஸ்ம்ருதியின் படத்தை நெடுநேரம் பார்த்துத் தலையசைத்தாள். பின் சேனாபதியின் படத்தைத் தூக்கித் தீர்ப்புரைத்தாள்: "மகளின் படம் மாசற்றது. தந்தையே, நீர் சிரிக்கிறீர். இதை ஏற்க இயலாது. நண்பகலுக்குள் வேறொன்று கொணர்க!"

மானஸா அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தாள். "வேலை போனதுலேர்ந்து நேத்துதான் சேனா நீ சிரிச்ச" என்றாள்.

எந்தச் செங்களத்திலும் கலங்காத வீரன் கலங்கினான். எட்டுத் திக்கும் இருள, எடிசன் வரை நீண்டு கிடக்கும் ரயில் பாதையை எண்ணி, கையில் குழந்தையும் நெஞ்சில் இடியும் தாங்கி, நியூயார்க் வீதியில் இறங்கி நின்றான்.

எதிர்த்தாற்போல் ஒரு கடையில் ஐரோப்பிய சைஸ் போட்டோ உடனே எடுத்துக் கொடுத்தார்கள், கைக்குழந்தைகளுக்கும் எடுப்பார்களாம்.