நீலநீர் ஊறு படலம்

வாழ்க துளி மேடம்! மூவுருளை பூட்டிய பம்ப்பை ஈன்றெடுத்த தாய், எட்டு மாதம் வரைபடத்தோடு மல்லுக்கட்டி ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டென்பதையே மறந்த மாதரசி, ஒரு துளி முந்தி வந்தாலும் முகம் சுளிக்கும் நீதி வழுவா நெஞ்சினள், மருந்தாலையின் மூன்றாம் அறையை ஆளும் வெள்ளைக் கோட்டுக் கோமகள்! அவள் புகழை விரித்துரைக்க ஆயிரம் நா வேண்டும். எனக்கு இருப்பதோ ஒன்றுதான், அதுவும் காலையில் டீயில் சுட்டுக்கொண்டது.

போர் எதற்கென்று கேட்பீர்கள். பழைய ஆலைகளில் மருந்துநீரை அமிலம் சேர்த்துத் தொட்டியில் ஊறவைப்பார்கள். கிருமி சாகும்வரை தொட்டியும் சும்மா இருக்கும், ஆட்களும் சும்மா இருப்பார்கள். இந்த ஆலையிலோ எதுவும் ஓரிடத்தில் நிற்கக் கூடாது. ஓடிக்கொண்டே ஊற வேண்டும். ஆகவே, சுருள் சுருளாய்க் கிடக்கும் நெடுங்குழாய்க்குள் புகும் ஒவ்வொரு துளியும் அறுபது நிமிடம் நடந்து மறுமுனையில் வெளிப்பட வேண்டும். முந்தினால் கிருமி பிழைக்கும், பிந்தினால் மருந்து கெடும். துளிகளை முண்டியடிக்க விடாமல் வரிசையாக நடத்திச் செல்வது பம்ப்பின் பொறுப்பு. கடைப் பம்ப்போ விக்கல் எடுத்தவரைப் போல விட்டுவிட்டுத் தள்ளும். துளி மேடத்தின் பம்ப்பில் ஓர் உருளை ஓயும் இடத்தில் அடுத்த உருளை தோள் கொடுக்கும். அவளுக்கு அது இயந்திரமே இல்லை, பெற்ற பிள்ளை.

அந்தப் பிள்ளையின் தலையெழுத்துதான் அன்று தீர்மானிக்கப்பட இருந்தது. மேனேஜர் முந்தின நாளே முழங்கியிருந்தார்: "நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள டெஸ்ட் பாஸானா உங்க பம்ப்பு. இல்லன்னா கடைப் பம்ப்புக்கு ஆர்டர் போட்டுருவேன், அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது." சோதனை எளியது. வெறும் தண்ணீரில் நீலச் சாயம் கலந்து ஒரு முனையில் செலுத்துவது. அறுபதாம் நிமிடம் மறுமுனையில் நீலம் தலைகாட்டினால் வெற்றி. நான்கு மணிக்குத் தொடங்கியிருக்க வேண்டியது, சாயப் பொட்டலத்தைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேடியதில் நான்கு மணி இரண்டு நிமிடம் ஆகிவிட்டது.

வெளிவாயிலில் நின்றவர் கிளாம்ப் அண்ணன். இருபது ஆண்டுகளாகக் குழாய்க் கவ்விகளையே பிடித்துப் பிடித்து விரல்கள் கவ்விகளாகவே ஆகிவிட்ட வீரர். சொன்ன சொல்லை மறுகேள்வி கேளாமல் நிறைவேற்றும் ஆணைதாங்கி. நீர் பீறிட்டுப் போகாதபடி குழாயின் வாயை இறுக்கிக் கீழிருந்த வாளியில் சொட்டுச் சொட்டாக விடுவது அவர் காவல். உள்ளே அழுத்தம் ஏற ஏறக் குழாய் உப்பிக்கொண்டு வந்தது.

இருபதாம் நிமிடத்தில் தோன்றினான் பகைவன். கடுகளவே ஆன காற்றுக்குமிழி! உருவிலான், உறவிலான், பிடிக்கப் போனால் நழுவுவான், ஒன்பதாம் சுருளின் வளைவில் கோட்டை கட்டி அமர்ந்து, பம்ப் தள்ளும் தள்ளலையெல்லாம் மெத்தைபோல் வாங்கி உள்ளடக்கிக்கொண்டு, துளிகளின் வரிசையைக் குலைக்கத் துணிந்த கொடியோன்! வெகுண்டாள் துளி மேடம். திருப்புளியின் பிடியால் குழாயைத் தட்டினாள், குமிழி அசையவில்லை; சுருளைத் தாங்கிய தட்டியைச் சாய்த்தாள், குமிழி இரண்டாகப் பிளந்து இரட்டையராய் நின்று நகைத்தது; நகத்தால் சுண்டினாள், தடவினாள், கெஞ்சினாள், யாருக்கும் கேட்காத குரலில் திட்டினாள். மேலாடையில் நீலம், நெற்றியில் வியர்வை, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. எட்டு மாத உழைப்பு ஒரு கடுகுக்குத் தோற்பதா என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

ஆயினும் சளைத்தாளில்லை. ஒரு சுருள், மறு சுருள், அதற்கும் மேல் ஒரு சுருள் என்று அவ்விரு குமிழிகளையும் அங்குலம் அங்குலமாக விரட்டி, உச்சியில் இருந்த காற்றுத் திறப்பின் வாயில் கொண்டுபோய் நிறுத்தி, ஒரே சுண்டு சுண்டினாள். 'பிஸ்' என்ற ஓசையோடு மாண்டது பகைக்குலம். விண்ணிலிருந்து பூமாரி பொழியவில்லை. ஏசியிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

ஐம்பத்தெட்டாம் நிமிடம். கடைசிச் சுருளில் நீலம், முனை மழுங்காமல், கோடு கிழித்தாற்போல் வந்துகொண்டிருந்தது. அப்போது கடிகாரம் ஐந்தைக் காட்ட, கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் நுழைந்தார், கையில் ஆர்டர் தாளோடு.

"சார், ரெண்டே நிமிஷம் சார். குமிழிகூடப் போயிருச்சு. எட்டு மாசம் சார்," என்றாள், கடைசிச் சுருளைச் சுட்டிக்காட்டி.

அவள் கோலத்தைக் கண்டார் மேனேஜர். நீலம் தோய்ந்த கோட்டையும் ஈரக் கண்களையும் கண்டார். அக்கல்நெஞ்சும் கசிந்தது. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, பெற்ற மகளைத் தேற்றுவதுபோல் கனிந்து சொன்னார்:

"அட, விடும்மா."

ஐயகோ! இரண்டு நிமிடம் ஒரு பொருட்டா, கவலையை விடு என்பதே அவர் கருத்து. ஆனால் அந்த அறையில் 'விடு' என்ற சொல்லுக்குப் பொருள் ஒன்றே: கிளாம்ப்பைத் திற. சொன்னவரோ மேனேஜர். ஆணைதாங்கி ஒரு கணமும் தாமதியாமல் திறந்தார். ஒரு மணி நேரம் அடக்கிவைத்த அழுத்தமெல்லாம் ஒன்றுதிரண்டு, அணை உடைந்த ஆறெனச் சீறி, வாளியைத் தாண்டி, மேனேஜரின் வெள்ளைக் காலுறைகளில் சென்று அடைக்கலம் புகுந்தது நீலம், இரண்டு நிமிடம் முன்னதாக.



"நீங்கதானே சார் விடச் சொன்னீங்க," என்றார் கிளாம்ப் அண்ணன்.

மேனேஜர் காலுறைகளைக் கழற்றி வாளியில் பிழிந்தார். "நாளைக்குக் காலையில மறுபடி வைங்க. ஆர்டர் அதுவரைக்கும் பையிலயே இருக்கட்டும். நான் வந்து நிக்கிறேன், ஆனா வாயத் திறக்க மாட்டேன்."

பிறகு மூன்று பேரும் பழைய துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தார்கள்.