காதில் மாட்டுமுன் கேட்பவர்கள்

நெஞ்சுக்குள் என்ன சத்தம் என்பது ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடுமானால், அதை மாட்டுவது எதற்கு? நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்திலிருந்து, அதே நாட்டிலுள்ள எங்கள் ஊருக்கு மருத்துவம் படிக்க வந்த வீட்ஸே தாமிங்காவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் உலகத்திடம் கேட்டுக்கொண்டிருந்தது. உலகம் பதில் சொல்லவில்லை. அவனும் காத்திருக்கவில்லை.

மருத்துவ மாணவர்களில் இது ஒரு தனி இனம். மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் இதற்குக் கை துறுதுறுக்கும். இடது நடுவிரலை எதன்மேலாவது பதித்து வலது நடுவிரலால் தட்டும். மேசையைத் தட்டும், ரயில் ஜன்னலைத் தட்டும், அறைத்தோழன் தூங்கும்போது அவன் முதுகைத் தட்டும், சந்தையில் சீஸ் சக்கரத்தைத் தட்டி உள்ளே நீர் கோக்கவில்லை என்று கடைக்காரருக்கு ஆறுதல் சொல்லும். "வாங்கப் போறியா, அட்மிட் பண்ணப் போறியா?" என்று கடைக்காரர் கேட்டால் கோபித்துக்கொள்ளாது. நோயாளி பதற்றமாக இருக்கிறார் என்று குறித்துக்கொள்ளும்.

பிறந்தநாள் வீட்டில் நாங்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, கேக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவோம். வீட்ஸேவுக்கு அது வட்டமாக அடுக்கிய முழங்கால்கள். ரப்பர் சுத்தியலோடு ஒரு சுற்று வந்தான். சுத்தியல் விழுவதற்கு முன்பே "நார்மல்" என்று அறிவித்தான். அவன் அத்தை சியூக்யேயின் கால் மட்டும் சற்றுத் தாராளமாக எழும்பியதில், எதிரே இருந்தவரின் காப்பி அவர் சட்டையில் போய்ச் சேர்ந்தது. அதுவும் நார்மல்தான்.

இந்த மாணவர்கள் செவ்வாய்க்கிழமைகளில் ஒருவர் உடம்பை ஒருவர் சோதித்துப் பழகுவார்கள். மெல்லிய திரை, குளிர்ந்த கட்டில், கிழியாத உள்ளாடை தேடி அணிந்துவந்த எட்டுப் பேர். வீட்ஸேயின் ஜோடி ஹில்யே. அவள் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்த மறுகணம், இரண்டு பக்கமும் காற்று சமமாகப் போகிறது என்றான்.

"நான் இன்னும் மூச்சே இழுக்கல."

"இழுத்தா நல்லாத்தானே இருக்கும்?"

"இருக்கும்டா. அது உனக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வியை நம் தத்துவ ஆசிரியர்கள் தடித்தடிப் புத்தகங்களில் கேட்டிருக்கிறார்கள். ஹில்யே உள்ளாடையோடு கேட்டாள். இருவகையிலும் பலன் ஒன்றுதான்.

அவன் செய்முறைத் தேர்வில் இரண்டு முறை தோற்றான். முதல் முறை, நெஞ்சில் கோளாறு எதுவும் கேட்கவில்லை என்று அறிவித்தபோது ஸ்டெதஸ்கோப் அவன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை, காலுறையைக் கழற்றாமலே இரு பாதங்களிலும் நாடி சீராக இருப்பதாகச் சொன்னான். நோயாளியின் வலது கால் செயற்கைக் கால். மூன்றாவது வாய்ப்புதான் கடைசி. தவறினால் ஒரு வருடம் திரும்பப் படிக்க வேண்டும்.

மூன்றாவது தேர்வில் அவனுக்கு வாய்த்த நோயாளி ஆபெல் டைகெமா. கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையில் ஓய்வுபெற்றவர். அவர் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. ஈர மரத்தை ரம்பம் அறுப்பதுபோல் சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்காகவே கல்லூரி அவரை ஒன்பது வருடமாக வியாழக்கிழமைதோறும் அழைத்தது. மனைவி போன பிறகு அவரை யாரும் தொட்டுப் பேசிய நாள் அந்த வியாழன் மட்டும்தான்.

போன மார்ச்சில் அவருக்குத் தொடை வழியாகக் குழாய் விட்டுப் புது வால்வு பொருத்திவிட்டார்கள். நெஞ்சில் தழும்பில்லை. சத்தமும் இல்லை. அவர் கல்லூரியிடம் வாய் திறக்கவில்லை. மாணவர்கள் சோதித்துப் பழக என் முழங்காலைக் காட்ட நானும் அங்கே போகிறவன் என்பதால், உடை மாற்றும் அறையில் என்னிடம் மட்டும் சொன்னார். "சத்தம் போச்சுன்னு தெரிஞ்சா என்னை எதுக்குக் கூப்பிடப் போறாங்க?"

அவர் பயந்திருக்கவே வேண்டாம். அவர் கோளாறை எழுதிக் கதவில் மாட்டிய பழைய அட்டையில் சத்தம் அப்படியே இருந்தது. ஏப்ரலிலிருந்து ஜூன்வரை நாற்பத்து மூன்று பேர் அதைக் கேட்டார்கள். சிலருக்கு அது கழுத்துவரை ஏறிக் கேட்டது. ஒருத்தி கண்ணை மூடி ரசித்தாள். மதிப்பெண் போடும் டாக்டர் மூலையில் உட்கார்ந்து கையிலிருந்த அட்டை நகலைப் பார்த்து டிக் அடித்தார். இல்லாத ஒன்றில் நாற்பத்து மூன்று பேர் ஒத்துப்போனால் அதற்குப் பெயர் பொய் அல்ல, பாடத்திட்டம்.

வீட்ஸே அந்தச் சத்தத்தின் வர்ணனையை மனப்பாடம் செய்துகொண்டு போனான். கை கழுவினான். பெயர் சொன்னான். அனுமதி கேட்டான். பிறகு, இரண்டு தோல்வியின் பயத்தில், ஸ்டெதஸ்கோப்பை உண்மையிலேயே காதில் மாட்டினான். வைத்தான். நகர்த்தி வைத்தான். மறுபடி முதல் இடத்துக்கே வந்தான். அவன் முகம், தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வேறு குடும்பத்தைப் பார்த்தவன் முகம்போல ஆனது என்றார் டைகெமா.

அவருக்கே பொறுக்கவில்லை. டாக்டர் குனிந்து எழுதும் நேரம் பார்த்து முணுமுணுத்தார்: "இருக்குன்னு சொல்லிடு தம்பி. எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க."

இருக்கிறது என்றால் வீட்ஸே தேர்ச்சி. இல்லை என்றால், டாக்டர் எழுந்து வந்து தானே கேட்கக்கூடும். டைகெமாவின் வியாழக்கிழமை அன்றோடு முடியும்.

"நேரமாகுது. என்ன கேட்குது உங்களுக்கு?" என்றார் டாக்டர்.

அவன் என்ன சொல்லியிருப்பான் என்று இதற்குள் நீங்கள் முடிவு செய்திருப்பீர்கள். வாக்கியம் வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது, இல்லையா? எதற்கும் உங்கள் கழுத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள். அங்கே ஏதாவது தொங்கலாம்.

"இன்னும் கொஞ்சம் கேட்டுக்கிறேன்," என்றான் வீட்ஸே. மணி அடிக்கும்வரை, மிச்சமிருந்த மூன்று நிமிடமும், அந்த நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடியே குனிந்திருந்தான். தாளில் பூஜ்யம் விழுந்தது.

டைகெமா இன்னும் வியாழன்தோறும் வருகிறார். வீட்ஸே மூன்றாம் ஆண்டை மறுபடி படிக்கிறான். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று ஹில்யே கேட்டதற்கு, அவள் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, மூச்சை இழு என்றான்.