நீதிபதியின் மச்சம்

பஞ்சில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்தால், நீதிபதியின் கன்னத்தில் இருந்த மச்சத்தைக் காணோம்.

அருங்காட்சியகத்தின் ஓவியப் பாதுகாப்புக் கூடத்தில் அவனுக்கு அது மூன்றாவது நாள். காப்பீட்டு நிறுவனத்தில் எட்டு வருஷம் பார்த்த வேலையை உதறி, இரண்டு வருஷம் படித்து, முப்பத்துநாலு வயதில் கிடைத்த இடம். "தூசி தட்டுறதுக்கு ஒரு படிப்பா மாப்பிள்ளை?" என்று கேட்ட மாமனார் இன்னும் அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கவில்லை.

கொடுத்த வேலை என்னவோ எளிதுதான். யாரோ ஒரு நீதிபதியின் பழைய எண்ணெய் ஓவியம். குச்சியில் பஞ்சு சுற்றி, நாக்கில் தொட்டு, அழுக்கை ஒற்றி எடுக்க வேண்டும். எச்சிலுக்கு மிஞ்சிய மருந்து இல்லை என்பது அந்தத் தொழிலின் வேதம். "எது நடந்தாலும் நோட்டுல எழுதணும்" என்பது மட்டும்தான் கூடத்தின் பொறுப்பாளரான மேடம் போட்ட கட்டளை.

நூறு வருஷம் குடியிருந்த மச்சம், அவன் எச்சிலில் ஒரு நொடியில் கரைந்துவிட்டது.

நோட்டைத் திறந்தான். மூடினான். மனைவிக்குப் போன் போட்டான்.

"ஒரு மச்சத்தை அழிச்சுட்டேன்."

"யாரோட மச்சத்தை?"

"படத்துல இருக்கிற நீதிபதியோடது."

"நல்லவேளை. போய் மேடம்கிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்கப்பா காதுல விழுந்தா?"

அப்பா என்றால் அவளுக்கும் பயம்தான்.

"சாப்பாட்டுப் பையில சைடு ஜிப்பைத் திறங்க. கல்யாணத்துக்குப் போனப்ப வெச்ச புருவப் பென்சில் கிடக்கும்."

கிடந்தது. கன்னத்தில் ஒரு புள்ளி வைத்தான். வார்னிஷ் மேல் பென்சில் வழுக்க, மச்சம் வாலோடு பிறந்தது. நீதிபதி கன்னத்தில் தலைப்பிரட்டை.

வாலைத் துடைத்தான். வாலோடு மச்சமும் நூறு வருஷத்து அழுக்கும் வந்துவிட, பாதி முகத்துக்குக் கிரீம் பூசிவிட்டு மறந்துபோனவர் மாதிரி ஆகிவிட்டார் நீதிபதி. சரியென்று மறு கன்னத்தையும் துடைத்தான். இப்போது இரண்டும் ஒரே பளபளப்பு. மச்சம் எந்தக் கன்னத்தில் இருந்தது? பதறிய மூளை கையை விரித்துவிட்டது.

மறுபடி போன்.

"காலையில படத்தோட செல்பி எடுத்து அனுப்பினீங்களே, அதைப் பாருங்க," என்றாள்.

பார்த்தான். இடது கன்னம். இந்த முறை பென்சில் இல்லை. மெல்லிய தூரிகை, அசல் வண்ணம். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு புள்ளி. அழகான மச்சம். நோட்டில், 'மாற்றம் எதுவும் இல்லை' என்று எழுதினான்.

போன் அதிர்ந்தது. மனைவியின் செய்தி: 'ஏங்க, செல்பியில உங்க வாட்ச் வலது கையில இருக்கு. பக்கம் மாத்திக் காட்டுது போல.'

"முடிஞ்சுதா?"

மேடம் பின்னால் நின்றார். நெற்றியில் ஏற்றியிருந்த பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டைப் படித்தார்.

"என்கிட்ட சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?"

சொல்லிவிட வாயெடுத்தான். மாமனாரின் முகம் குறுக்கே வந்தது.

"இல்லைங்க மேடம்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லைங்க."

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். குரலில் கோபம்கூட இல்லை. "நாளையிலிருந்து வர வேண்டாம்."

வாசல்வரை அவன் மனசு ஒன்றையே அரைத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு ஒற்றல். அந்தப் புள்ளியை மட்டும் தொடாமல் விட்டிருந்தால். இனி எந்த ஓவியத்தின் முன்னாலும் முக்காலி போட்டு உட்காரப்போவதில்லை.

அடையாள அட்டையைக் காவலாளியிடம் நீட்டினான். "கைக்கு இன்னும் பக்குவம் வரலைங்க," என்றான், அவர் கேட்காமலே. "ஒரு மச்சத்தை அழிச்சுத் தொலைச்சுட்டேன்."

காவலாளி இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஏற்கெனவே ஏழெட்டு அட்டைகள் கிடந்தன. அவனுடையதையும் அவற்றின் மேல் போட்டார்.

"அது புதுசா யார் சேர்ந்தாலும் மேடம் வாட்டர் கலர்ல வைக்கிற மச்சம் சார். அதை அழிக்காதவங்க உள்ளே ஒருத்தர்கூடக் கிடையாது. திரும்ப வெச்சவங்க அட்டைதான் இங்க கிடக்கு."