ஆகஸ்ட் மாதத்துக் கிறிஸ்துமஸ் தாத்தா

"மிஸ்டர் டெல்பர்ட், கூரைமேல விழும்போது மழைக்கு வலிக்குமா?"

பள்ளிக்கூடப் பேருந்தின் கடைசி நிறுத்தத்தில், இறங்க மனமில்லாமல் படியிலேயே நின்றுகொண்டு ஒரு சின்னப் பையன் கேட்டான். சக்கரம் வைத்த டிரெய்லர் வீடுகள் வரிசையாக நிற்கும் இடம் அது. வெளியே ஃபிளோரிடா வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

"தெரியலையேப்பா," என்றார் ஓட்டுநர் டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ். "என்னிக்காவது மேல போனா, கேட்டுச் சொல்றேன்."

கொஞ்ச நாளில் அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. வருஷங்கள் பல ஓடின, கேள்வி அப்படியே நின்றுவிட்டது. டெல்பர்ட்டும் ஓய்வு பெற்று, தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துவதும், மனைவி வில்மாவிடம் திட்டு வாங்குவதுமாக நிம்மதியாகத்தான் இருந்தார். இந்த ஆகஸ்டில் அவர் மேலே போக வேண்டி வந்தது. பரலோகத்துக்கு இல்லை, கூரைக்கு.

காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கூரை இன்னும் மூன்று வருஷமாவது தாங்கும் என்று ஓர் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் காப்பீடு ரத்து. புயல் காலத்தின் நடுவில் வேறெந்தக் கம்பெனியும் இவர்களைச் சீந்தாது. காப்பீடு இல்லாத வீட்டை, கடன் கொடுத்த வங்கியும் விட்டுவைக்காது.

"அப்புறம் ஒஹையோதான்," என்றார் டெல்பர்ட். "மகன் வீட்டு நிலவறைல ஒரு கட்டில் போட்டுத் தரேன்னு சொல்லியிருக்கான்."

"அங்கதானே மருமக மலைப்பாம்பை வளக்கறா?"

"ஆமா. அதுக்கு ஒரு மூலை, நமக்கு ஒரு மூலை."

வில்மா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "கூரைல என்ன குறை இப்போ? எத்தனை புயலைப் பாத்தது!"

"கறுப்பா கோடு கோடா பாசி பிடிச்சிருக்கு. பாக்கறவங்க கண்ணுக்குக் கிழடா தெரியும்."

"நீயும்தான் கிழடா தெரியற. நான் வச்சுக் காப்பாத்தலையா? சும்மா விடு. நீ என்னத்தக் கண்ட கூரையைப் பத்தி?"

"ஏன், ஒரு டிரெய்லர் வீட்டுக் கூரைல ஏறி தார் பூசி, ஒழுகலை அடைச்சிருக்கேனே!"

"யார் வீட்டுக்கு? எனக்குத் தெரியாம?"

டெல்பர்ட்டுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. செய்த நல்லதைச் சொல்லிக் காட்டினால் அது கர்த்தரின் கணக்கிலிருந்து கழிந்துவிடும் என்பது அவர் எண்ணம். ஏணியை எடுக்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை பிரஷர் வாஷர் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தார். குழாயைத் திருப்பியதும் தண்ணீர் துப்பாக்கிக் குண்டு மாதிரி பாய்ந்தது. கறுப்புக் கோடுகள் மாயமாக மறைந்தன.

"வில்மா! கூரை பளபளக்குது, வந்து பாரு!"

வில்மா வந்து பார்த்தாள். கூரையைப் பார்க்கவில்லை. தன் ரோஜாப் பாத்தியைப் பார்த்தாள்.

"டெல்பர்ட், என் பாத்தில யாரு மணல் கொட்டினது?"

கொட்டியது கூரைதான். தார் ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும் பருமணல்தான் அதற்குத் தோல் மாதிரி. பாசியோடு சேர்ந்து அதுவும் உரிந்து, வழிந்து, பாத்தியில் வந்து உட்கார்ந்திருந்தது. முன்பக்கச் சரிவில் சாப்பாட்டு மேஜை அளவுக்கு ஒரு வழுக்கை.

"போகட்டும், வழுக்கை உன் பரம்பரைக்கு ஒண்ணும் புதுசில்ல," என்றாள் வில்மா.

அன்று சாயங்காலம் மழை வந்தது. கூடத்தில் 'டொக், டொக்' என்று சத்தம். ஓட்டுக்கு அடியில் புகுந்த தண்ணீர் வழி கண்டுபிடித்து, ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வாசிப்பதற்காக வில்மா பழகும் பியானோவின் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. வில்மா ஒன்றும் பேசாமல் சூப் பாத்திரத்தை எடுத்து அதன் மேல் வைத்தாள். அவள் பேசாமல் இருப்பதுதான் டெல்பர்ட்டுக்குப் பயம்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. புதனோ வியாழனோ ஆள் வரும் என்றார்கள். டெல்பர்ட் நேரே ஹார்டுவேர் கடைக்கு ஓடினார்.

"ஓட்டு நிறத்துல பெயிண்ட் இருக்கா?" என்று கிசுகிசுத்தார்.

கடைக்காரருக்குக் கிசுகிசுக்கத் தெரியாது. "என்ன டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ்! கூரைக்குப் பெயிண்டா? இன்ஸ்பெக்டர் வராரா?"

"சேச்சே! நாய்க்கூண்டுக்கு. நாலு கேலன் குடு."

"நாலு கேலனா? அப்படி என்ன நாய் வளக்கற? குதிரை சைஸா?"

பின்னால் வரிசையில் நின்றிருந்த ஒரு தாடிக்கார வாலிபன் தலையைத் தூக்கிப் பார்த்தான். நல்ல உயரம். கையில் ஆணிப் பெட்டி. டெல்பர்ட்டை மேலும் கீழும் பார்த்தான். அவர் மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வெளியேறினார். திரும்பிப் பார்த்தால், அவனும் வாசலுக்கே வந்து நின்று, அவர் வண்டி போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற வேனின் மேல் ஒரு நீள ஏணி.

டெல்பர்ட் வண்டியை இன்னும் வேகமாக விரட்டினார்.

பெயிண்ட் பூசும்போது ஓட்டு நிறமாகத்தான் இருந்தது. காயக் காயத்தான் அதன் குணம் தெரிந்தது. மதியத்துக்குள் கூரையின் வழுக்கை, ஃபிளமிங்கோ பறவையின் நிறத்தில், நல்ல இளஞ்சிவப்பாக ஜொலித்தது.

"நாலு தெரு தள்ளிப் பாத்தாலும் தெரியும்," என்றாள் வில்மா. "விமானத்துல போறவங்க வழி கண்டுபிடிக்கலாம்."

"எதையாவது போட்டு மூடிட்டா?"

"தார்ப்பாய் போட்டா ஒழுகற வீடுன்னு ஊருக்கே தெரிஞ்சுடும்."

டெல்பர்ட் கொட்டகையில் தேடினார். மூடக்கூடிய அளவில் அங்கே இருந்தது ஒன்றே ஒன்று. காற்றடைத்தால் இரண்டு ஆள் உயரம் எழும்பும் கிறிஸ்துமஸ் தாத்தா. அதை ஏற்றி, உட்கார்ந்த வாக்கில் கட்டி, காற்றூதும் விசிறியைப் போட்டார். தாத்தாவின் பெரிய பின்பக்கம் இளஞ்சிவப்பு முழுவதையும் கச்சிதமாக மறைத்தது.

கால் மணி நேரத்தில் குடியிருப்போர் சங்கத் தலைவி திருமதி கிரச்ஃபீல்டு தொலைபேசியில் வந்தாள்.

"மிஸ்டர் ஹாஸ்கின்ஸ், உங்க கூரைல சாண்டா கிளாஸ் உக்காந்திருக்கார்."

"ஆமாம் மேடம்."

"இது ஆகஸ்ட்."

"ஆமாம் மேடம். வந்து... இயேசு பிறந்ததை வருஷம் பூராவும் கொண்டாடலாமேன்னு..."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு! ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்களை இப்பவே அழைச்சுட்டு வரேன்."

அழைத்தும் வந்துவிட்டாள். வேகாத வெயிலில் பிள்ளைகள் புல்தரையில் நின்று கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடின. டெல்பர்ட் வாசலில் நின்று வியர்வையோடும் குற்ற உணர்வோடும் தாளம் போட்டார். பொய்யின் மேல் இப்படிப் பரிசுத்தமான குரல்கள் வந்து விழும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மேலே நீள ஏணி. பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிய ஏதோ சுமை. இறங்கியது தாடிக்காரன்.

"வில்மா," என்றார் டெல்பர்ட். "இன்ஸ்பெக்டர் வந்துட்டார். நான் பெயிண்ட் வாங்கறப்ப பின்னாடி நின்னவரே அவர்தான்."

"எலுமிச்சை கேக் இருக்கு. அதை வச்சு ஆரம்பி," என்று கையில் தட்டைத் திணித்தாள் வில்மா.

தாடிக்காரன் தொப்பியைக் கழற்றினான். "வணக்கம் மிஸ்டர் டெல்பர்ட். கூரையைப் பாக்க வந்தேன்."

டெல்பர்ட்டால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மனச்சாட்சி ராத்திரி முழுக்க அவரைத் தூங்கவிடவில்லை.

"சார், எல்லாத்தையும் சொல்லிடறேன். பிரஷர் வாஷர் போட்டு ஓட்டை உரிச்சது நான்தான். பெயிண்ட் பூசினதும் நான்தான். சாண்டா கிளாஸ் பக்திக்காக இல்ல, அவருக்குக் கீழ பிங்க் இருக்கு."

"சரிங்க சார்," என்றான் அவன் மெல்ல. "இன்னும் ஏதாவது உண்டா?"

"நாய்க்கூண்டுன்னு சொன்னேனே, அதுவும் பொய். எங்ககிட்ட நாயே கிடையாது."

தாடிக்காரனுக்கு இருமல் வந்துவிட்டது. வேனுக்குப் பின்னால் போய்த் தோள் குலுங்கக் குலுங்க இருமிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"ரெண்டு பேரும் உள்ள போய் உக்காருங்க. வேலை முடியற வரைக்கும் வெளிய வரக்கூடாது. எட்டியும் பாக்கக்கூடாது."

"அது சட்டமா சார்?"

"என் சட்டம்."

உள்ளே இருவரும் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். மேலே காலடிச் சத்தம். பிறகு எதையோ பெயர்க்கும் சத்தம். பிறகு 'டம், டம், டம்.'

"என்ன பண்றார்?"

"தட்டிப் பாக்கறார். ஒரு தட்டுக்கு ஒரு குறைன்னு வச்சுக்க."

'டம் டம் டம் டம் டம்.'

"அப்போ கூரைல குறையைத் தவிர வேற ஒண்ணுமே இல்லையா?"

"ஜெபம் பண்ணு வில்மா."

வில்மா கண்ணை மூடினாள். ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "டெல்பர்ட், அந்தப் பாம்பு என்ன சாப்பிடும்?"

"எலி."

"எலியை எங்க வச்சிருப்பாங்க?"

"ஃபிரிட்ஜ்ல."

வில்மா அவசரமாக இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டாள்.

நடுவில் பலத்த மழை பிடித்துக் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்தது. வில்மா பியானோ மேலிருந்த பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். "இன்னிக்கு ஏன் சொட்டவே இல்ல?"

"இன்ஸ்பெக்டரைப் பாத்துக் கூரையே பயந்து போயிருக்கு."

பொழுது சாயும் நேரத்தில் சத்தம் நின்றது. டெல்பர்ட் வெளியே போகத் துணிவில்லாமல் படுக்கையறையில் முழங்காலில் நின்றார். வில்மாதான் மிச்ச கேக்கைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போய்க் கொடுத்தாள். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

"என்ன சொன்னார்?"

"கேக் நல்லா இருந்ததாம். பணம் எதுவும் வேண்டாமாம்."

"பாஸா, பெயிலா?"

"அதைச் சொல்லலை. வேற ஏதோ சொன்னார். கூரைக்காரங்க பேச்சு, எனக்கு ஒண்ணும் விளங்கலை."

டெல்பர்ட் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கிறிஸ்துமஸ் தாத்தா பழையபடி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னைவிட நன்றாக இழுத்துக் கட்டியிருந்தது. "பாத்தியா, அசிங்கத்தைப் பாக்கச் சகிக்காம அவரே மூடிட்டுப் போயிட்டார்," என்றார் டெல்பர்ட். அன்றே மகனுக்குத் தொலைபேசி போட்டு, நிலவறையில் கட்டிலைக் கொஞ்சம் உயரமாகப் போடச் சொன்னார்.

வியாழக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

"நான் மரிசோல். கூரை இன்ஸ்பெக்ஷனுக்கு வந்திருக்கேன்."

"நேத்தே ஒரு சார் வந்துட்டுப் போனாரேம்மா?"

"இந்தப் பக்கத்துக்கு நான் ஒருத்திதான் சார். நேத்து நான் வேற ஊர்ல இருந்தேன்."

டெல்பர்ட்டும் வில்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டெல்பர்ட் பெருமூச்சுவிட்டு, பிரஷர் வாஷரில் தொடங்கி நாய்க்கூண்டு வரை எல்லாவற்றையும் மறுபடியும் ஒப்புக்கொண்டார். இரண்டாம் தடவை கொஞ்சம் சரளமாகவே வந்தது. பிறகு விசிறியை நிறுத்தினார். தாத்தா ஒரு பக்கம் சாய்ந்து, மெல்லக் குனிந்து, மூக்கை ஓட்டின் மேல் வைத்துப் படுத்துவிட்டார்.

மரிசோல் ஏறினாள். நடந்தாள். குனிந்து பார்த்தாள். படம் எடுத்தாள். நெடுநேரம் கழித்துப் புருவம் சுருங்க இறங்கி வந்தாள்.

"பிங்க்குனு சொன்னீங்களே, எங்க சார் பிங்க்?"

"சாண்டா கிளாஸுக்குக் கீழதான்மா."

"அங்க ஒண்ணும் இல்லையே. முன்பக்கச் சரிவு பூரா புத்தம்புது ஓடு. அடியில தண்ணி புகாத புதுத் தாள்கூட விரிச்சிருக்கு. மத்த இடத்துல எழும்பி நின்ன ஆணியை எல்லாம் ஒழுங்கா அடிச்சு விட்டிருக்கு. மூணு வருஷம் என்ன, பத்து வருஷம் தாங்கும். இன்னிக்கே சான்றை அனுப்பிடறேன்." அவள் டேப்லெட்டை மூடினாள். "இவ்வளவு நல்லா வேலை செஞ்சவர் யாருங்க? பேர் சொன்னா நாலு பேருக்குச் சொல்லுவேன்."

அவள் வேன் தெருமுனை திரும்பியதும் டெல்பர்ட் ஏணியை எடுத்து வந்து சாத்தினார். அதில் ஏறி, கூரை விளிம்புக்கு மேல் தலையை நீட்டினார். வெயிலில் புது ஓடுகள் வரிசை பிசகாமல் படுத்திருந்தன.

"வில்மா! அவர் இன்ஸ்பெக்டர்னு சொன்னாரா?"

"இல்லையே. நீதான் சொன்ன."

"பேராவது சொன்னாரா?"

"பேர் சொல்லலை. ஆனா உன்கிட்டச் சொல்லச் சொல்லி ஒண்ணு சொன்னாரே," என்று கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வில்மா அண்ணாந்தாள். "'மேல இருக்கறப்பவே மழை வந்துச்சு, அதுகிட்டயே கேட்டுட்டேன், அதுக்கு வலிக்கவே இல்லையாம், மிஸ்டர் டெல்பர்ட்கிட்டச் சொல்லிடுங்க'ன்னார்."