தொட்டியைக் குளிப்பாட்டியவன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கையால் கோடிக்கணக்கான உயிர்கள் செத்திருக்கின்றன. ஒரே சாயங்காலத்தில். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆள் வருகிறது என்றார்கள், கொஞ்சம் துப்புரவு செய்தேன்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பெரிய ஆள் யாராவது வருகிறார் என்று ஆபீசிலிருந்து செய்தி வந்தால் போதும், ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்போம். மரங்களுக்கு இடுப்பளவு வெள்ளை. சாக்கடைக் கானுக்கு பிளீச்சிங் பவுடர். நாங்கள் குடியிருக்கிற லயத்துக் கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும், வருகிறவர் அங்கே ஏறிப் பார்க்கப் போவதில்லை. கல் வெள்ளையாக இருந்தால் தோட்டம் நன்றாக இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று ஒரு பேச்சும் உண்டு). இரத்தினபுரியில் மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைத்தேன். எம்பிலிப்பிட்டியவில் பேக்கரியில் பாண் சுட்டேன். கொழும்பில் லொறிக்கு மூட்டை ஏற்றினேன். எந்த இடத்திலும் இரண்டு நத்தார்ப் பண்டிகை பார்த்ததில்லை. பிரச்சினை வந்தால் நான் பதில் சொல்லுவதில்லை, பஸ் ஏறிவிடுவேன். கடைசியில் புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஜெசிந்தாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். அவள் பால் வெட்டுகிறவள். விடியற்காலையில் மலையேறி, மரம் மரமாய்க் கீறி, வாளியில் பால் கொண்டுவருவாள். அந்தப் பாலை பேக்டரியில் புளிக்கவைத்து, உருளையில் போட்டு நசுக்கி, தகடாக்குவார்கள். நசுக்கும்போது ஓடுகிற புளித்த வெள்ளைத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற பிளாண்டில் எனக்கு வேலை கிடைத்தது.

எனக்கு வேலை பழக்கியவர் சுனில் அய்யா. சிங்களவர், கீழ்க் கிராமத்துக்காரர். முதல் நாள் வரிசையாகக் காட்டினார். முதல் குழியில் ரப்பர்த் துணுக்கு மிதக்கும், அதை அரித்து எடுக்க வேண்டும். அடுத்ததில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிப் புளிப்பை அடக்க வேண்டும். மூன்றாவது மூடிய தொட்டி, அதன் பக்கம் மூக்கைக் கொண்டுபோகக் கூடாது. நான்காவதுதான் பெரியது. அடியிலிருந்து மோட்டார் காற்று ஊதிக்கொண்டே இருக்கும், பழுப்புத் தண்ணீர் இரவு பகலாகக் கொதிக்கிற மாதிரிப் புரளும். அங்கிருந்து வழிகிற தண்ணீர் ஐந்தாவது தொட்டியில் தெளிந்து, கீழே ஓடுகிற சிற்றாற்றில், ஓயாவில், போய் விழும்.

"மல்லி, நீச்சல் தெரியுமா?" என்றார். மல்லி என்றால் தம்பி.

"நல்லாத் தெரியும் அய்யா."

"இதுல வேலைக்காகாது. காத்து கலந்த தண்ணி ஆளத் தாங்காது. கல்லு மாதிரி கீழ போயிருவ."

அன்றிலிருந்து அந்தத் தொட்டிக்கு நான் பயந்தவன். ஓரத்தில் நடந்தால் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். அவர் இன்னொன்றும் சொன்னார். "மேக்கே ஸத்து இன்னவா." இதற்குள் உயிர்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள், கோடிக்கணக்கில். அவைதான் அழுக்கைத் தின்கின்றன. காற்றும் சாப்பாடும் கொடுத்தால் போதும், வேறு எதற்கும் இதில் கைவைக்காதே. அவற்றை "மகே லமயி", என் பிள்ளைகள், என்றுதான் சொல்லுவார். எனக்குக் கண்ணுக்குத் தெரிகிற அட்டைமேலேயே போதிய பயம் இருந்தது. தெரியாததை நான் நம்பவில்லை.

அந்தப் புதன்கிழமை சுனில் அய்யா தன் வீட்டில் பிக்குகளுக்குக் கொடுக்கிற தானத்துக்காக லீவு போட்டிருந்தார். மத்தியானம் உதவி மேனேஜர், எங்கள் சின்ன தொரை, மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு சுற்றாடல் ஆபீசுல இருந்து ஆள் வருது. எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும், விளங்குதா?"

விளங்கியது. முன்பு ஒரு தடவை வெள்ளைத் தண்ணீர் அப்படியே ஓயாவில் போய், கிராமத்து ஆட்கள் கேட்டை மறித்திருக்கிறார்கள். இன்னொரு முறை நடந்தால் பேக்டரியை இழுத்து மூடுவோம் என்று கடிதம் வந்திருந்தது. பேக்டரி மூடினால் பால் வாங்க ஆளில்லை. ஜெசிந்தாவுக்கும் மற்றப் பெண்களுக்கும் மலையில் வேலை இல்லை.

ஆகவே உயிரைக் கொடுத்துத் துப்புரவு செய்தேன். கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு. தென்னைக்குச் சுண்ணாம்பு. தவளை ஒன்று நேரத்துக்குத் தாவியதால் தப்பியது. கானுக்கெல்லாம் போட்டும் அரை மூட்டை பிளீச்சிங் பவுடர் மிச்சம். நிமிர்ந்து பார்த்தால், அத்தனை வெள்ளைக்கும் நடுவில் அந்தத் தொட்டி மட்டும் சேற்று நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. வருகிறவர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்?

அரை மூட்டையையும் கொட்டினேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான்.

பொழுது சாய்வதற்குள் பழுப்பு வெளுத்தது. பெருமையோடு வீட்டுக்குப் போனேன். "சுனில் அய்யா இத்தன வருசமாச் செய்யாதத நான் ஒரே நாள்ல செஞ்சிட்டேன்" என்று ஜெசிந்தாவிடம் சொல்லவும் செய்தேன். அந்த வாக்கியத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.

விடிந்து போனபோது வாசம்தான் முதலில் வந்தது. மருந்துநெடியும் புளித்த நாற்றமும் சேர்ந்த ஒன்று. தொட்டியில் வெள்ளை நுரை ஆளுயரத்துக்கு எழும்பி நின்றது. தெளிகிற தொட்டியில் சாம்பல் நிறத்தில் ஏதோ பஞ்சு பஞ்சாக மிதந்தது. தண்ணீர் அரிசி கழுவின மாதிரி. அப்போதுதான் நம்பினேன். உள்ளே யாரோ இருந்திருக்கிறார்கள். நேற்றுவரைக்கும்.

ஓயாவுக்குப் போகிற வாய்க்கு ஒரு சக்கரம் உண்டு. ஓடிப்போய் அதைத் திருகி மூடினேன். அது ஒன்றுதான் நான் உருப்படியாகச் செய்தது. ஆனால் எட்டு மணிக்குச் சங்கு ஊதி உருளை ஓடத் தொடங்கும். புதுத் தண்ணீர் வரும். போக வழியில்லாமல் தொட்டிகள் நிரம்பி, எப்படியும் வழிந்து ஓயாவுக்குத்தான் போகும். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். என் கால் எனக்குப் பழக்கமான பக்கம் திரும்பியது. பஸ் ஹோல்ட்டுக்கு.

பஸ் ஏழரைக்கு வந்தது. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். இறங்க முடியாமல் எதிரே ஒரு பெண் நின்றார். கண்ணாடி, தோளில் பை, கையில் ஒரு பெட்டி.

"மல்லி, ரப்பர் பேக்டரிக்கு எந்தப் பக்கம்?" சிங்களத்தில் கேட்டார். "ஆபீஸ் வேன் பழுது. அதான் வெள்ளனவே பஸ்ஸில் வந்துவிட்டேன்."

பத்து மணிக்கு வர வேண்டிய சுற்றாடல் ஆபீஸ் மிஸ் இவர்தான். படியிலிருந்து காலை எடுத்து வழிவிட்டேன். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. மிஸ் பெட்டியை என் கையில் கொடுத்தார், அவ்வளவு அப்பாவியாகத் தெரிந்திருக்கிறேன். உள்ளே கண்ணாடிச் சாமான்கள் கிணுகிணுத்தன. சோதனைச் சாமான்கள். என்னைத் தூக்கில் போடுகிற கயிற்றை நானே சுமந்துகொண்டு மலை இறங்கினேன்.

பாதி வழியில் மிஸ் மூக்கைச் சுளித்தார். "மல்லி, உங்கள் மேல் பிளீச்சிங் வாசம் அடிக்கிறது."

"கானுக்குப் போட்டேன் மிஸ்."

"கானுக்கு மட்டுமா?"

அந்த நேரம் பார்த்து பேக்டரியில் சங்கு ஊதியது. எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். அரை மூட்டை, நுரை, மூடின சக்கரம், பஸ், எல்லாம்.

மிஸ் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "இங்கே ஏன் நிற்கிறாய்? ஓடு! உருளையை நிறுத்தச் சொல்லு!"

பிரச்சினை இருக்கிற பக்கமாக நான் ஓடியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பேக்டரிக்குள் பாய்ந்து, வாயில் வந்ததைக் கத்தினேன்: "மிசின நிறுத்துங்க! தொட்டியில எல்லாரும் செத்துட்டாங்க!"

நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டு, அத்தனை பேரும் அலறிக்கொண்டு தொட்டிக்கு ஓடினார்கள். ஒருவர் ஆட்களை எண்ணினார். ஒருவர் கயிறு கொண்டுவந்தார். யாரோ மலைக்குச் செய்தி சொல்லி, ஜெசிந்தா பால் வாளியோடு ஓடிவந்தாள். தொட்டியில் போனது நான்தான் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. நுரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உசுரோடதான் இருக்கியா?" என்றாள். ("நீங்க" போய்விட்டது.) "அப்ப செத்தது யாரு?"

"பூச்சிங்க."

வாளியைக் கீழே வைத்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தாள்.

மிஸ் வந்தார். நீளமான கண்ணாடிச் சாடியில் தொட்டித் தண்ணீரை அள்ளி மேசையில் வைத்தார். அரை மணி நேரத்தில் பழுப்பு மண்டி அடியில் இறங்கி மேலே தெளிந்தால் பிளாண்டுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பெரிய தொரை, சின்ன தொரை, பேக்டரி ஆட்கள், என் மனைவி, எல்லோரும் அந்தச் சாடியையே பார்த்து நின்றோம். நான் மனசுக்குள் ஜெபம் சொன்னேன், பாதியில் மறந்தது, திரும்ப முதலிலிருந்து. அரை மணி நேரம் கழித்தும் அது கலங்கியே இருந்தது.

"மெரிலா" என்றார் மிஸ். செத்துவிட்டது.

பிறகு ஓயாவில் இறங்கி அங்கேயும் தண்ணீர் அள்ளிப் பார்த்தார். அது சுத்தமாக இருந்தது. "சக்கரத்தை மூடாமல் போயிருந்தால் இன்றே பூட்டுதான்" என்றார் பெரிய தொரையிடம். தொட்டி திரும்ப உயிர்க்கும்வரை பாலை வேறு பேக்டரிக்கு பௌசர் லொறியில் அனுப்ப வேண்டும். மலையில் வேலை நிற்கத் தேவையில்லை. ஜெசிந்தா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவன அனுப்பிடுறேன் மிஸ்" என்றார் தொரை.

"வேண்டாம். கொன்றவன்தான் வளர்க்க வேண்டும். இவன் இனிமேல் பிளீச்சிங் பக்கமே போக மாட்டான்."

வளர்த்தேன். லயம் லயமாக வாளியோடு போய்ச் சாணி கேட்டேன். "வீடு மெழுகவா தம்பி?" என்று கேட்டவர்களிடம் "பூச்சி வளர்க்க" என்றேன். தெரணியகலைப் பக்கம் வேறொரு பேக்டரியிலிருந்து உயிருள்ள மண்டியை பெரல்களில் கொண்டுவந்தோம். லொறியின் பின்னால் நின்று, ஒவ்வொரு வளைவிலும் வாந்தியை அடக்கிக்கொண்டு, காற்றுப் படட்டும் என்று கம்பால் கிண்டிக்கொண்டே வந்தேன். "செத்துறாதீங்க, செத்துறாதீங்க" என்று நான் சொன்னதாக டிரைவர் ஊரெல்லாம் சொன்னார். சொன்னேன்தான்.

சுனில் அய்யா தானம் முடிந்து வந்தபோது ஒரு வார்த்தை ஏசவில்லை. தொட்டி ஓரத்தில் குந்தி, "அனே, மகே லமயி" என்றார். அடித்திருந்தால் தேவலை.

இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். நத்தார் எத்தனையோ போய்விட்டது. போன மாதம் வீடு மந்திரிக்கப் பாதர் வருகிறார் என்றதும், சும்மா விளக்குமாற்றைத்தான் எடுத்தேன். ஜெசிந்தா பிடுங்கிக்கொண்டாள். "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வாங்க."

மகள் உள்ளேயிருந்து கத்தினாள்: "அப்பா, போற வழியில யாரையும் குளிப்பாட்டிறாதீங்க!"

பிளாண்டுக்குத்தான் போனேன். சாடியில் தண்ணீரை அள்ளி மேசையில் வைத்து, எதிரே உட்கார்ந்தேன். பழுப்பு மண்டி மெல்ல இறங்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அரை மணி நேரம் முடிகிறவரை, இன்றைக்கும், மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.