பயிற்சியால் வந்த பார்வை

இனி என் மூக்கின்மேல் கண்ணாடி ஏறாது என்று சபதம் போட்டேன். மூக்கும் என்னுடையது, சபதமும் என்னுடையது. மாட்டிக்கொண்டது மட்டும் கண்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். க்ளட்சை எப்போது மிதிப்பது என்று தெரியாதவர்களுக்குக்கூட எனக்கு ‘சோடாபுட்டி’ என்று பெயர் வைக்கத் தெரிந்திருந்தது. காண்டாக்ட் லென்ஸ் வாங்கினேன். வாங்கியவன் வீட்டில் சொல்லியிருக்கலாம். நானோ, கண் பயிற்சி செய்தே பார்வையைச் சரிப்படுத்திவிட்டதாக மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

“நிஜமாவா?” என்றாள்.

“தினம் காலைல கண்ணை உருட்டறேனே, பார்த்ததில்லையா?”

“என்னை முறைக்கறீங்கன்னுல்ல நெனச்சேன்.”

லென்ஸை ஊறவைக்கும் மருந்து பாட்டில் குளியலறையில் இருந்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் சின்ன டப்பாவில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, அதில் லென்ஸைப் போட்டு, ஷேவிங் சாமான்களுக்குப் பின்னால் ஒளித்தேன். குளிக்கிற தண்ணீர்தானே, கண்ணை என்ன செய்துவிடும்?

செய்தது. இடது கண் சிவந்தது. பிறகு யாரோ உள்ளே ஊசியை விட்டுக் குடைவதுபோல் வலித்தது. ஜன்னல் வெளிச்சம் பட்டாலே துடித்தேன். போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். மனைவி திரைச்சீலையை இழுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கண் டாக்டர் கேட்டார். “லென்ஸ் போடறதுண்டா?”

பக்கத்திலேயே மனைவி. என்ன செய்வேன்? “சேச்சே, பயிற்சி மட்டும்தான்.”

அவர் வேறு ஏதோ கிருமி என்று நினைத்து மருந்து எழுதிக்கொடுத்தார். கண் இன்னும் மோசமானது. அடுத்த முறையும் அதே கேள்வி. அதே பதில். மனைவி கைப்பையைத் திறந்து அந்த டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“அவரோட பயிற்சி இதுக்குள்ளதான் இருக்கு டாக்டர். காலைலதான் கையில சிக்கிச்சு.”

சோதித்துப் பார்த்தார்கள். டப்பாத் தண்ணீரிலும் என் கருவிழியிலும் ஒரே ஆசாமி குடியிருந்தான். அமீபா. குழாய்த் தண்ணீரில் இருப்பவன், லென்ஸில் தொற்றிக்கொண்டு வந்து, வாடகை தராமல் கருவிழியை அரித்துக்கொண்டிருந்தான்.

“மருந்தைப் பாதியில நிறுத்தினா மறுபடியும் கிளம்பிடும். அப்புறம் கண்ணு போயிடும்” என்றார் டாக்டர்.

மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. ஒவ்வொரு சொட்டும் நெருப்பு. மாதக்கணக்கில் இதே பிழைப்பு. சொட்டு மருந்தோடு வரும் மனைவியின் காலடிச் சத்தம் கேட்டாலே போர்வைக்குள் புகுந்துகொள்வேன். கார்ப் பக்கம் போகவும் தடை. பார்வை எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டு மருந்தைக் குறைக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் எனக்கு மூளை வேலை செய்தது.

பரிசோதனை அறைச் சுவரில் எழுத்து அட்டை ஒன்று தொங்கும். வெளியே காத்திருந்தபோது, திறந்திருந்த கதவு வழியாக, சபதத்தை மீறி மறுபடி மூக்கில் ஏறியிருந்த கண்ணாடியோடு, நல்ல கண்ணால் அதை மேலிருந்து கீழ்வரை மனப்பாடம் செய்தேன்.

“என்னங்க முணுமுணுக்கறீங்க?”

“சாமி கும்பிடறேன்.”

“நம்ம சாமி பேரு ப, ட, ம, யவா?”

நான் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவள் டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன் என்று எனக்கு முன்னால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மருந்துச் சந்தேகமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

என் முறை வந்தது. வாசற்படியிலேயே டாக்டர் கறுப்புக் கரண்டி ஒன்றால் என் வலது கண்ணை மூடி, நாற்காலிவரை நடத்திப் போனார். இடது கண்ணுக்கு முன்னால் ஒரே வெள்ளை மூட்டம். எனக்கென்ன, பாடம்தான் தயாராக இருக்கிறதே. கணீரென்று ஆரம்பித்தேன். இடையிடையே கண்ணைச் சுருக்கினேன், கழுத்தை நீட்டினேன். நடிப்பென்றால் நடிப்பு.

“கடைசி வரி மட்டும் கொஞ்சம் பொடிசா இருக்கு டாக்டர்” என்று இழுத்து, அதையும் பிழையில்லாமல் ஒப்பித்து முடித்தேன்.

“எப்படி?” என்றேன் பெருமையாக.

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அட்டை என் மடியில இருக்குங்க” என்றாள்.