பொத்தான் வைத்த வேலி

தென்காசிச் சீமையில் காஜா அண்ணாச்சி தைத்த சட்டையைப் போட்டவர்கள் உண்டு. சுலபமாகக் கழற்றியவர்கள் கிடையாது.

காஜா என்பது அவர் பெயர் இல்லை. பொத்தான் நுழையச் சட்டையில் துளை போட்டு ஓரம் கட்டித் தைப்பார்களே, அந்தக் காஜா. அவர் எடுத்த காஜாவுக்குள் பொத்தானை அனுப்பவே ஆள் பலம் வேண்டும். உள்ளே போன பொத்தான் திரும்பி வருவது அதன் இஷ்டம். குத்துக்கல்வலசை மாப்பிள்ளை ஒருவன் கல்யாணச் சட்டையைக் கழற்ற முடியாமல், அதோடேயே குற்றாலத்தில் மாமனார் குடும்பத்துடன் பேரருவியில் நின்றான். பக்கத்தில் குளித்தவர்கள், "ஏதும் நேர்த்திக்கடனா வே?" என்று கேட்டார்களாம். அருவியிலிருந்து நேரே கடைக்கு வந்து சண்டை பிடித்தான். அண்ணாச்சி மிஷினை நிறுத்தவே இல்லை.

"மாட்டுததுதாம்லே என் தொழிலு. கழத்துதது உன் சாமர்த்தியம்."

இப்படிப்பட்ட மனிதர் ஒரு வேலி போட்டார். அவர் கையால் போட்ட முதல் வேலி. எங்கள் தெரு கண்ட முதல் மரவேலியும் அதுதான். யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷங்கள். நான் அரிசிக்கடையில் நிறுத்துப் போடும் வேலையில் இருந்தேன். அண்ணாச்சிக்கு வீட்டின் முன்னறைதான் கடை. அந்த வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

வேலிக்குக் காரணம் ஒரு காளை. கோயிலுக்கு நேர்ந்து விட்ட காளை, அதனால் யாரும் கை ஓங்க முடியாது. 'பெரியவர்' என்றுதான் சொல்வோம். கொம்பால் கொண்டியைத் தூக்கிக் கதவைத் திறக்கும். முள்வேலி கட்டினால் அதில் முதுகைச் சொறிந்துகொண்டு, வேலி சாய்ந்த பிறகு உள்ளே போகும். அண்ணாச்சியின் வீட்டம்மா சுப்பம்மை அக்கா முன்வாசலில் வைத்த கத்தரி, வெண்டை எதுவும் பூவைத் தாண்டிப் பிஞ்சைப் பார்த்ததில்லை. இலத்தூரிலிருந்து அவளுடைய அண்ணன் பெண்டாட்டி மட்டும் கூடை நிறையக் கத்தரிக்காய் கொண்டு வருவாள். கொடுக்கும்போது, "உங்க தோட்டத்தை மாடு பாத்துக்கிடுது, உங்களை நாங்க பாத்துக்கிடுதோம்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுப்பாள்.

ஒரு நாள் சுப்பம்மை அக்கா புது நாற்றை நட்டுவிட்டு, கை மண்ணைக்கூடக் கழுவாமல் கடைக்குள் வந்து நின்றாள்.

"கேட்டியளா, இதுதான் கடைசி. இதையும் அந்தப் பெரியவரு தின்னாருன்னா நான் இலத்தூருக்குப் போயிருவேன். அங்கன நாலு கத்தரிக்கா காய்க்கதையாவது பாத்துக்கிட்டுக் கெடக்கேன்."

"போனா எப்ப வருவட்டி?"

"அந்தக் காளை காசிக்குப் போவட்டும், வாரேன்."

அண்ணாச்சி சிரித்தார். மிஷின் மட்டும் நின்றுவிட்டது. அவருக்குக் கண் மங்கல். கண்ணாடி போட ரோஷம். தினமும் காலையில் சுப்பம்மை அக்காதான் எல்லா ஊசியிலும் நூல் கோத்து, துணி உருண்டையில் வரிசையாகக் குத்தி வைப்பாள். ஊருக்கு இது தெரியாது. ஒரே சுவரில் குடியிருந்த எனக்குத் தெரியும். அவர் பயந்தது ஊசிக்காக மட்டும் இல்லை என்பதும் தெரியும்.

"நல்ல உடைமுள்ளா வெட்டி நெருக்கிக் கட்டுங்க அண்ணாச்சி" என்றேன்.

"துணி தொடுதவன் வாசல்ல முள்ளாலே? வாரவன் வேட்டியைக் கிழிச்சு, அதை நானே தச்சுக் காசு வாங்குதேம்பானுவ."

குற்றாலத்தில் ஒரு துரை பங்களாவுக்குக் கால்சட்டை கொடுக்கப் போனபோது பலகை வேலி ஒன்றைப் பார்த்திருந்தார். அது போதும். செங்கோட்டையிலிருந்து மாட்டுவண்டியில் பலகை வந்து இறங்கியது. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு வாசலில் இறங்கி, ஒரு நுனியை என் கையில் கொடுத்தார்.

"பிடிலே. மாரு எவ்வளவு பாரு."

"எதுக்கு மாரு?"

"தோட்டத்துக்குத்தான். கெழக்க பாரு, தொப்பை போட்டிருக்கு."

சாக்குக்கட்டியால் தரையில் கோடு போட்டார். சாரல் வந்து அழித்தது. மறுபடி போட்டார். எல்லையைத் தாண்டி ஒரு முழம் தெருவுக்குள் கோடு போவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"என்ன அண்ணாச்சி, தெருவுல ஏறி வாரிய?"

"செடி வளருத பிள்ளை வே. இப்பமே இறுக்கிப் பிடிச்சா அடுத்த வருசம் பத்துமா?"

கூண்டு வண்டி ஒன்று திரும்ப முடியாமல் நின்று, வண்டிக்காரர் வாய்க்கு வந்தபடி பேசிய பிறகுதான் "சரி, பிடிச்சுத் தச்சிருதேன்" என்று ஒரு முழத்தை விட்டுக்கொடுத்தார்.

பலகைகளை முதலில் கயிற்றால் லேசாகக் கட்டினார். அது ஓட்டுத் தையலாம். தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்து, மூலையில் இருந்த கொய்யா மரத்திடம், "அக்குள்ல பிடிக்கா?" என்று கேட்டார். ஆணியடிக்க வந்த ஆசாரி சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, "கதவுக்குக் கீல் எங்க அண்ணாச்சி?" என்றார்.

"சட்டைக்கு எவன் வே கீல் வச்சான்?"

கீலுக்குப் பதில் தோல் வார். கதவு இரண்டு பாதி. சட்டையின் முன்பக்கம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது. ஒரு பாதியில் உள்ளங்கை அகலத்துக்கு மரப் பொத்தான்கள். மறு பாதியில் தடித்த தோல் பட்டைகள். அவற்றில் அவர் கையாலேயே எடுத்த காஜா. தெருவே வந்து பார்த்துவிட்டு, சுப்பம்மை அக்காவிடம் "இலத்தூருக்கு என்னைக்குப் பொறப்பாடு?" என்று கேட்டுவிட்டுப் போனது.

ஆடிச் சாரலில் தோல் நனைந்தது. வெயிலில் காய்ந்து இன்னும் இறுகியது. கத்தரி பூத்தது. பிஞ்சு விட்ட அன்று பெரியவர் வந்தார்.

சுப்பம்மை அக்கா சேலைகளை மூட்டையாகக் கட்டி, வீட்டு நடையில் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் எல்லோரும் தெருவில் நின்றோம். காளை கொம்பை உயர்த்திக் கொண்டியைத் தேடியது. கொண்டி இல்லை. நெற்றியால் முட்டியது. சாப்பிட்ட வயிற்றின் மேல் சட்டை உப்புவதுபோலக் கதவு உள்ளே உப்பி, அப்படியே திரும்பி வந்து அதன் மூக்கில் ஒன்று வைத்தது. முட்ட முட்டப் பொத்தான் இறுகியது. அண்ணாச்சி கடை சன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, நெஞ்சைப் பிடிக்கா?"

காளை இரண்டாவது பொத்தானை நாக்கால் நக்கிப் பார்த்தது. கொஞ்ச நேரம் யோசித்தது. பெருமூச்சு விட்டது. பிறகு திரும்பி நடந்து, என் வீட்டு வெண்டைச் செடியை வேரோடு தின்றது.

தெரு போட்ட கூச்சல் கோபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், அதில் பெரிய சத்தம் என்னுடையதுதான். சுப்பம்மை அக்கா மூட்டையை அவிழ்த்து, சேலைகளை ஒவ்வொன்றாக உதறி மறுபடி கொடியில் போட்டாள்.

அதற்குப் பிறகு மனிதர்களும் அந்த வீட்டுக்குள் போக முடியவில்லை என்பது வேறு விஷயம். துணி கொடுக்க வந்தவர்கள் வேலிக்கு வெளியே நின்றபடி அளவைக் கத்திச் சொன்னார்கள். இலத்தூர்க்காரி கூடையோடு வந்து பொத்தானோடு மல்லுக்கட்டினாள்.

"கதவத் தொறங்க மதினி! வெயில்ல நிக்கேன்லா?"

"கொஞ்சம் பொறுங்க மதினி. அவுக காஜா எடுத்தது. லேசுல வராது."

இதைச் சொல்லும்போது சுப்பம்மை அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கதவைத் திறக்குமுன் தன் தோட்டத்துக் கத்தரிக்காய் இரண்டு கை பறித்து, வேலிக்கு மேலாக அந்தக் கூடையில் போட்டாள். அப்புறம் ஊசியில் நூல் கோக்கிற அதே விரலால் பொத்தான்களை ஒவ்வொன்றாக, தண்ணீர் மாதிரிக் கழற்றினாள். ஊரில் அது அவள் ஒருத்திக்குத்தான் வந்தது.

அண்ணாச்சி தைத்த சட்டை ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. கழுத்துப் பொத்தானைப் போட்டால் கழற்ற ஆள் கூப்பிட வேண்டும். போன மாதம் கிழிசல் தைக்கக் கொடுத்தபோது, புதுத் தையற்காரர், "காஜாவைக் கொஞ்சம் பெரிசாக்கித் தரட்டுமா சார்?" என்று கேட்டார். சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.